கடல்நீர்க் குழாய்க்கும் நீராவிக் குழாய்க்கும் ஒரே கிரேடு ஃபிளாஞ்ச் போதுமா?

கேள்வி: பராமரிப்புப் பிரிவு, தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். கடற்கரையை ஒட்டிய வேதிப்பொருள் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறேன். அடுத்த ஷட்டவுனில் இரண்டு குழாய்த்தடங்களை மாற்றவிருக்கிறோம். ஒன்று, குளிர்விப்பானுக்குக் கடல்நீர் கொண்டுசெல்லும் 8 அங்குலத் தடம். அழுத்தம் 5 பார், வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரை, நீரில் குளோரின் கலக்கப்படுகிறது. மற்றொன்று, கொதிகலனிலிருந்து வரும் 4 அங்குல நீராவித் தடம். வடிவமைப்பு அழுத்தம் 12 பார், வெப்பநிலை 192 டிகிரி, மேலே இன்சுலேஷன் உண்டு.

இப்போது இரண்டிலும் குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் வளையங்களாக இருப்பவை ஏ105 கார்பன் ஸ்டீல் ஃபிளாஞ்சுகள். கடல்நீர்த் தடத்தில் அவை மோசமாக அரித்துவிட்டன. எனவே இரண்டு தடங்களுக்கும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த, கிளாஸ் 150 என்ற அழுத்த வகுப்பு ஃபிளாஞ்சுகளையே வாங்கிவிடலாம், விலை கூடினாலும் தரமும் கூடும், கையிருப்பையும் ஒரே கிரேடில் வைத்துக்கொள்ளலாம் என்று கொள்முதல் பிரிவினர் கருதுகிறார்கள். அதில் தவறேதும் இருந்தால் ஆர்டர் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: குழாய் வடிவமைப்பாளர்

வணக்கம் ஐயா. முதலில் நீராவித் தடத்தைப் பார்ப்போம். இந்தத் திட்டம் கணக்கிலேயே தோற்பது அங்கேதான்.

கிளாஸ் 150 என்பது 150 பார் அன்று என்பது தங்களுக்குத் தெரியும். எந்த உலோகம், எந்த வெப்பநிலை என்பதைப் பொறுத்து அது தாங்கும் அழுத்தம் மாறும். ஃபிளாஞ்சுகளுக்கான ஏஎஸ்எம்இ பி16.5 தரநிலையின் அட்டவணைப்படி ஏ105 கிளாஸ் 150 ஃபிளாஞ்ச் சாதாரண வெப்பநிலையில் 19.6 பாரும், 150 டிகிரியில் 15.8 பாரும், 200 டிகிரியில் 13.8 பாரும் தாங்கும். 316எல் தாங்குவதோ சாதாரண வெப்பநிலையில் 15.9, 150 டிகிரியில் 12.0, 200 டிகிரியில் 11.2 பார் மட்டுமே. 192 டிகிரிக்கு இடைக்கணக்குப் போட்டால் 316எல் ஏறத்தாழ 11.3 பாரில் நின்றுவிடுகிறது. தங்கள் வடிவமைப்பு அழுத்தம் 12 பார். அதாவது, கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஃபிளாஞ்ச் இந்தத் தடத்துக்குத் தகுதியே இல்லாததாகிவிடும். இப்போது இருக்கும் ஏ105-க்கோ 2 பார் இடைவெளி மிச்சமிருக்கிறது. கார்பனைக் குறைத்து எல் கிரேடு ஆக்கும்போது வெல்டிங்கை ஒட்டிய பகுதியில் அரிப்பு குறைகிறது, ஆனால் வலிமையும் குறைகிறது என்பதே இதற்குக் காரணம்.

அத்துடன் 316எல் போன்ற ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ், சூடாகும்போது கார்பன் ஸ்டீலைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக விரிவடையும். வழக்கமான பி7 அலாய் ஸ்டீல் போல்ட்டுகள் அதற்கு ஈடாக நீளாது. ஒவ்வொரு முறை தடத்தைச் சூடேற்றி நிறுத்தும்போதும் இரு ஃபிளாஞ்சுகளுக்கு இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் மீதுள்ள இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். கடற்காற்றின் உப்பு இன்சுலேஷனுக்குள் ஈரத்தோடு இறங்கினால், 60 டிகிரிக்கு மேல் ஸ்டெயின்லெஸில் குளோரைடு விரிசல் வரும் ஆபத்தும் உண்டு. இயங்கும்போது 192 டிகிரியில் ஈரம் தங்காது என்றாலும், நிறுத்தித் தொடங்கும் நேரங்களில் தடம் அந்த வரம்பைக் கடந்துதான் ஆக வேண்டும். நீராவிக்கு ஏ105-ஐயே தொடருங்கள். 425 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் இயங்கும் தடமாக இருந்தால் மட்டுமே எஃப்11, எஃப்22 போன்ற குரோம்-மாலிப்டினம் கிரேடுகளை எண்ண வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு இங்கே எழவில்லை.

பதில் 2: அரிப்புத் தடுப்புப் பொறியாளர்

மேலே உள்ள கணக்கு முற்றிலும் சரி. கடல்நீர்த் தடத்திலும் 316எல் ஏமாற்றும் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

குழாயின் உட்சுவர் நன்றாக இருக்கும்போதே ஃபிளாஞ்ச் முகம் தின்னப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கேஸ்கெட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள மெல்லிய இடுக்கில் நீர் தேங்குகிறது. அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. குளோரைடு செறிந்து அமிலத்தன்மை ஏறுகிறது. ஸ்டெயின்லெஸைக் காக்கும் படலம் உடைந்து மீண்டும் உருவாக முடியாமல் போகிறது. எனவே ஓடும் நீரைத் தாங்கும் உலோகம் ஃபிளாஞ்சுக்கும் போதும் என்று கொள்ளக் கூடாது. எந்தத் தடத்திலும் முதலில் தோற்கக்கூடிய இடம் இணைப்புதான். கிரேடை அந்த இடத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குரோமியத்தின் சதவீத அளவோடு மாலிப்டினத்தை 3.3 மடங்கும் நைட்ரஜனை 16 மடங்கும் கூட்டி வரும் எண், குளோரைடை எதிர்க்கும் திறனுக்கு ஒரு பொதுவான அளவுகோல். 316எல்-க்கு அது 24 அளவில் வரும். எஃப்51 என்ற டூப்ளெக்ஸ் வகை ஸ்டெயின்லெஸுக்கு 35-ஐ ஒட்டி வரும். எஃப்53, எஃப்55 ஆகிய சூப்பர் டூப்ளெக்ஸ் கிரேடுகளுக்கு 40-ஐத் தாண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் உயர் அழுத்தப் பகுதியில் சூப்பர் டூப்ளெக்ஸ் பயன்படுவது இதனால்தான். ஆனால் குளோரின் கலந்த வெதுவெதுப்பான கடல்நீரில் கேஸ்கெட்டின் அடியில் அதுவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். நார்வேயின் நார்சாக் தரநிலை அத்தகைய சூழலில் அதற்கும் வெப்பநிலை வரம்பு வைக்கிறது.

தங்கள் 5 பார் தடத்துக்கு என் தேர்வு, உட்புறம் ரப்பர் லைனிங் செய்த கார்பன் ஸ்டீல் குழாய். லைனிங் ஃபிளாஞ்ச் முகத்தின் மீதும் மடிந்து வர வேண்டும். அப்போது கடல்நீர் இரும்பைத் தொடவே தொடாது. கண்ணாடியிழைக் குழாயும் நல்ல மாற்று, ஆனால் அதன் தட்டையான ஃபிளாஞ்சை மேடுள்ள முகம் கொண்ட இரும்பு ஃபிளாஞ்சோடு சேர்த்து இறுக்கினால் விரிசல் விட்டுவிடும். எதிர்ப்பக்கமும் தட்டை முகமாக இருக்க வேண்டும். எங்கேனும் ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்ச் வைத்தே ஆக வேண்டும் என்றால், அங்கே கிராஃபைட் கேஸ்கெட் போடாதீர்கள். கடல்நீரில் கிராஃபைட் தன்னைத் தொடும் உலோகத்தின் அரிப்பை வேகப்படுத்தும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீராவிக்கு ஏ105 என்றும் கடல்நீருக்கு ரப்பர் லைனிங் என்றும் மாற்றிக் குறிப்பு அனுப்புகிறேன். ஏற்கெனவே வேறொரு வேலைக்காக 316எல் என்று வந்த சில ஃபிளாஞ்சுகள் கிடங்கில் உள்ளன. உலோகக் கலவையைச் சோதிக்கும் பி.எம்.ஐ. கருவியில் 316 என்றே காட்டுகிறது. அதை நம்பலாமா? ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் பற்றியும் சொல்ல முடியுமா?

பதில் 3: தர ஆய்வாளர்

கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்-கதிர் பி.எம்.ஐ. கருவி குரோமியம், நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றை அளக்கும்; கார்பனை அளக்காது. ஆகவே 304-ஐயும் 316-ஐயும் அது பிரித்துக் காட்டுமே தவிர, 316-ஐயும் 316எல்-ஐயும் பிரிக்காது. கார்பனை அறிய ஆப்டிகல் எமிஷன் கருவியோ ஆய்வகச் சோதனையோ தேவை. அதற்கு முன் ஃபிளாஞ்சின் விளிம்பில் குத்தியிருக்கும் ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) உற்பத்தியாளர் தரும் இஎன் 10204 3.1 சோதனைச் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 316, 316எல் இரண்டுக்கும் சேர்த்துச் சான்றளிக்கப்பட்டதாக அதில் இருந்தால், 316-க்கு உரிய கூடுதல் அழுத்த வரம்பை எடுத்துக்கொள்ளலாம்.

ஏ105 வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். அது ஃபோர்ஜிங்கிற்கான, அதாவது அடித்து உருவாக்கியவற்றுக்கான, தரநிலை. தகடை வெட்டிக் கடைந்த வளையத்தில் ஏ105 என்று குத்தியிருந்தால் ஏற்காதீர்கள். தகடில் செய்ய பி16.5 இடம் கொடுப்பது குழாய் முனையை மூடும் பிளைண்ட் ஃபிளாஞ்ச் போன்ற சிலவற்றுக்குத்தான், அதுவும் ஏ516 கிரேடு 70 போன்ற உரிய தகடில். தங்கள் நீராவித் தடம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தத்தைத் தாண்டுவதால் இந்தியக் கொதிகலன் விதிமுறைகளுக்குள் (ஐ.பி.ஆர்.) வரும், ஐ.பி.ஆர். சான்றிதழ் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், பொருள் வந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

போல்ட்டுகளைப் பொறுத்தவரை, பி8எம் கிளாஸ் 1 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 205 மெகாபாஸ்கல், பி7-க்கு 720. உலோகப் பட்டையைச் சுருட்டிச் செய்த ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட்டை நன்கு அழுத்தி உட்காரவைக்கும் இழுவிசை முன்னதிலிருந்து கிடைக்காது. நீராவித் தடத்தில் பி7 ஸ்டட்டும் (தலையில்லாப் போல்ட்) 2எச் கிரேடு நட்டும் போடுங்கள். கடல்நீர்த் தடத்திலும் அவையே போதும். கடற்காற்றைத் தாங்க அங்கே பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூச்சு உள்ளவற்றைக் கேட்டு வாங்குங்கள்.