போதைய விடுறதுக்கு போதை மாத்திரையா? எனக்கு புரியல

கல்தூண்: தம்பி ஹெராயின்ல மாட்டி ரெண்டு தடவ டீஅடிக்‌ஷன் சென்டர் போய் ரெண்டு தடவயும் திரும்ப விழுந்துட்டான். இப்ப 8 மாசமா ஹெராயினுக்கு பதிலா டாக்டர் குடுக்குற புப்ரினார்ஃபின் மாத்திரை சாப்பிடுறான். எப்ப நிப்பாட்டுவீங்கன்னு கேட்டா டாக்டர் அவசரப்படாதீங்கன்னு மழுப்புறாரு. அதுவும் ஹெராயின் மாதிரி அபின் வகை மருந்து (ஓபியாய்டு) தானே, ஒண்ண விட்டு இன்னொண்ணு. சுகருக்கு காலம் பூரா மாத்திரை சாப்பிடுறதில்லயாங்குற உதாரணம் மட்டும் யாரும் சொல்லாதீங்க, கேட்டு கேட்டு காது புளிச்சிருச்சு.

ராத்திரிடூட்டி: சொல்லல அண்ணா 😄 ஆமா, ஓபியாய்டு தான். ஆனா ஹெராயின் ஏறி நாலஞ்சு மணி நேரத்துல இறங்கிடும், அடுத்தத தேடி ஓடணும். இந்த மாத்திரை மூளையில ஹெராயின் ஒட்டுற அதே இடத்துல (ரிசப்டார்) இறுக்கமா ஒட்டிக்கிட்டு ஓரளவு தான் தூண்டும், ஒரு கட்டத்துக்கு மேல டோஸ் ஏத்தினாலும் கிறக்கம் ஏறாது, மூச்சு அடங்குற ஆபத்தும் கம்மி. கூட சரக்கோ தூக்க மாத்திரையோ சேர்ந்தா மட்டும் இந்த கணக்கு செல்லாது. தம்பி இப்ப வேலைக்கு போறாரா, சாப்பிடுறாரா, அத பாருங்க.

வைரம்பாஞ்சவன்: எல்லாம் சாக்கு. எங்க மாமா ஒரே நாள்ல குடிய விட்டாரு, 19 வருஷம் ஆச்சு. மனசுல உறுதி வேணும் பாஸ்.

ராத்திரிடூட்டி: மாமாவுக்கு கும்பிடு. ஆனா தினம் நெறய குடிக்கிறவங்க படக்குனு நிறுத்தி ரெண்டாம் நாள் வலிப்பு வந்து தூக்கிட்டு வர்றத நான் வார்டுல பாக்குறேன். ஹெராயின்ல ஆபத்து வேற மாதிரி. கொஞ்ச நாள் விட்டாலே உடம்போட தாங்குற சக்தி இறங்கிடும், ஒரு நாள் சறுக்கி பழைய அளவையே எடுத்தா அதுவே உயிர எடுத்துரும். டாக்டர் அவசரப்படாததுக்கு காரணம் அதான்.

வைரம்பாஞ்சவன்: அப்ப போதையே ஏறவிடாத நால்ட்ரெக்ஸோன் குடுக்கலாமே?

ராத்திரிடூட்டி: குடுக்கலாம், அது நல்ல மருந்து. ஆனா அதுக்கு முன்னாடி ஓபியாய்டு இல்லாம ஒரு வாரம் பத்து நாள் தாண்டணும், இல்லன்னா வித்ட்ராயல், அதாவது போதைய நிறுத்தினா வர்ற உடம்பு அவஸ்தை, மொத்தமா ஒரே நேரத்துல வந்து படுத்திரும். அந்த பத்து நாள் தாண்டுறதுக்குள்ள தான் நெறய பேரு ஓடிப்போறாங்க.

குட்டிச்சுவர்: குடிக்கு டைசல்ஃபிராம்னு ஒண்ணு இருக்குல்ல, அத சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுத்தா போச்சு.

ராத்திரிடூட்டி: அய்யோ வேணாம்! மருந்து கலந்தது தெரியாம அந்த ஆளு சரக்கு குடிச்சா முகம் செவந்து, வாந்தி, பிரஷர் இறங்கி நெஞ்சே நின்னுடலாம். தெரிஞ்சு, சம்மதிச்சு எடுக்குற மருந்து அது.

கல்தூண்: சரிம்மா. ஆனா வருஷக்கணக்குல மாத்திரைக்கு டாக்டர்கிட்ட கையேந்தி நிக்கிறது அவனுக்கு அவமானமா இருக்கே, அதுக்கு என்ன சொல்ற?

ராத்திரிடூட்டி: அது நியாயம் தான் அண்ணா, அதுல எனக்கே கோவம் இருக்கு. மாசம் ஒரு தடவ போடுற புப்ரினார்ஃபின் ஊசி இருக்கு, கிடைக்குமான்னு கேளுங்க. குறைக்கிறதா இருந்தாலும் டாக்டர் கூட பேசி மெதுவா குறைக்கட்டும். வீட்டுல நலாக்சோன் ஸ்ப்ரே இருக்கா?

கல்தூண்: இல்ல. அது என்னது?

ராத்திரிடூட்டி: ஓவர்டோஸ்ல மூச்சு நின்னா மூக்குல அடிக்கிறது. இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க. அடிச்சு எழுந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போயிடணும், உள்ள இருக்குற போதை இறங்குறதுக்கு முன்னாடியே ஸ்ப்ரேயோட வேகம் இறங்கிடலாம்.