உதவி வேணும்: தங்கச்சி மவனும் புகையிலைப் பொட்டலமும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு வழி சொல்லுங்க.

தங்கச்சி மவன் பாளையங்கோட்டைல பதினொண்ணாப்பு படிக்கான். உதட்டுக்குள்ள ஒதுக்கி வைக்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம் இருக்குல்லா, அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டு. புளிக்குழம்பு ஊத்துனா வாய் எரியுதுன்னு தட்டைத் தள்ளுனான். டார்ச் அடிச்சுப் பாத்தா கீழ்ஈறுல வெள்ளையா ஒரு தடிப்பு. புதினா வாசம் வந்ததை நாங்க சூயிங்கம்னு நெனச்சிருக்கோம்!

கேட்டா, "எனக்கே பிடிக்கல மாமா. வேண்டாம்னா 'ஏல, அம்மா பிள்ளை'ன்னு சிரிக்கானுவ. கபடி டீம்ல எல்லாவனும் வைக்கான்"ங்கான். நாலு சாத்து சாத்துன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லுதாவ. அடிச்சா இன்னும் நல்லா ஒளிச்சு வைப்பான், அவ்வளவுதான். டீமை விட்டு நிறுத்தவும் மனசில்ல. பயலுக்கு உருப்படியா இருக்கது அந்த ஆட்டம் ஒண்ணுதான்.

18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும், பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ளயும் புகையிலை விக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு. இங்க சில்லறை நீட்டுனா கைல கிடைக்கி.

ஈறை மொதல்ல பல் டாக்டர்ட்ட காட்டவா, இல்ல ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போவவா? புகையிலையை விட உதவுற 1800-11-2356 நம்பர்ல யாராவது பேசியிருக்கீங்களா? சின்னப் பயலுவகிட்ட பக்குவமாப் பேசுவாங்களா? கடை மேல புகார் குடுத்தா இவன் பேரு வெளிய வராம இருக்குமா? டீம்ல மத்த பயலுவ வீட்ல இதை எப்படிப் பேச்செடுக்க? அதுதான் பெரிய தயக்கமா இருக்கு. இந்தப் பாடு பட்டவங்க இன்பாக்ஸ்ல வந்தாலும் சரி.