பள்ளிக்கூடப் பராமரிப்பு வேலையில் சேர்கிறேன்: முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

சோமனூர்ப் பாவு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு அப்பாவுடன் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். கூலி நெசவு கட்டுப்படியாகவில்லை. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். இப்போது அவிநாசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பராமரிப்புப் பணியாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சேரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வேலை என்று மேலாளரிடம் கேட்டேன். "கட்டடம், தண்ணீர், தோட்டம், மைதானம், எது சொன்னாலும் பார்க்க வேண்டும்" என்றார்.

மண்வெட்டி பிடிக்கத் தெரியும். தறி மோட்டாரைக் கழற்றி மாட்டுவேன். குழாய் வேலை தெரியாது. மரம் வெட்டியதில்லை. முன்பு இருந்தவர் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்கவும் இறங்குவார் என்று வாட்ச்மேன் சொன்னதுதான் உறுத்துகிறது. வீட்டில் உறவுக்காரர்கள் இதைக் கூட்டிப் பெருக்கும் வேலை என்று பேசுகிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதல் வருடம் எதில் கவனம் வைக்க வேண்டும்? எதை மறுக்கலாம்?

தடப்பள்ளிக்கரை:

தம்பி, வாழ்த்துகள். நான் கோபிப் பக்கம் ஒரு பள்ளியில் இளவயதில் இதே வேலைக்குச் சேர்ந்தேன். தலை நரைத்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறேன். கூட்டுவதும் பெருக்குவதும் இதில் உண்டு, அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் தலையாய வேலை வேறு. ஒரு பிள்ளை கை வைப்பதற்கு முன்னால் உங்கள் கை அங்கே பட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்று நான் நினைக்கிறேன்.

காலையில் முதல் மணிக்கு முன்பே ஒரு சுற்று வந்துவிடுங்கள். நின்றபடி பார்த்தால் பாதிதான் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பெஞ்சின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கைப்பிடிச் சுவரில் பெயர்ந்த சிமெண்ட், தொட்டியடியில் வழுக்கும் பாசி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை எழுதுங்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாயால் சொன்னது மறுநாள் நிற்காது.

உங்களுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது, தம்பி. தறி ஓட்டியவருக்குச் சத்தம் மாறினாலே கோளாறு புரியும். அந்தக் காதை இங்கே பயன்படுத்துங்கள். மோட்டார் தண்ணீரில்லாமல் வெறுமனே ஓடும் சத்தம், தொட்டி நிறைந்த பிறகும் ஃபிளோட் வால்வு அடைக்காமல் தண்ணீர் ஊற்றும் சத்தம், விசிறியின் கடகடப்பு, எல்லாம் முன்கூட்டியே பேசும்.

முதல் மாதத்தில் தண்ணீரைப் படியுங்கள். எந்த வால்வை மூடினால் எந்தக் கழிப்பறைக்குத் தண்ணீர் நிற்கும் என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, வால்வின் கழுத்தில் தகரச் சீட்டு கட்டுங்கள். எங்கள் பள்ளியில் குழாய் போகும் வழி எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு முன்பிருந்த பெரியவரின் மனத்தில்தான் இருந்தது. அவர் ஓய்வுபெறும் முன் வளாகம் முழுக்க அவரோடு நடந்து வரைந்துகொண்டேன். இன்றைக்கும் அந்தத் தாளைத்தான் பார்க்கிறேன். உங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய்களின் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், வாஷர் சீக்கிரம் போகும், ஃபிளோட் வால்வு இறுகிக்கொள்ளும். உதிரி வாஷரும் டெஃப்லான் டேப்பும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

குடிநீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பிய பின் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறையினர் சொல்லும் அளவு. பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். மூட்டை பிரிந்து வெயிலில் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. வாங்கிய தேதியை மூட்டையிலேயே எழுதி வையுங்கள். இன்னொன்று: கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய கழிப்பறைக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

கொசு விஷயத்தில் வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் என்று எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவுங்கள்.

நீங்கள் சேரும் நேரத்தில் காற்றும் வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் நுழையும் காற்று ஆடி முடியும் வரை விடாது. பள்ளி திறப்பதற்கு முன்பே தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஏறத் தெரிந்தவர் ஏறட்டும், நீங்கள் ஏறாதீர்கள். குல்மோகர், தூங்குமூஞ்சி இரண்டின் கிளைகளும் பார்க்கப் பருமனாக இருந்தாலும் சட்டென்று முறியும். தாழ்வான கிளையை வெட்டும்போது மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியில் கிளை தொங்கி அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுங்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுங்கள். மிச்சம் நிற்கும் கட்டையைக் கடைசியில் நிதானமாக எடுத்துவிடலாம். சைக்கிள் நிறுத்தத்தின் தகரக் கூரையில் தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காற்றில் பறக்கும் தகரம் கத்திதான்.

மழையைப் பொறுத்தவரை நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிது. அதற்குள் மொட்டை மாடியின் தண்ணீர் போகும் ஓட்டைகளில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் விரல் அளவில் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிப் பூசிவிடுங்கள்.

சுவர் விரிசல்தான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். பூச்சில் மட்டும் இருக்கும் மயிரிழை விரிசலும் உண்டு, சுவரே நகர்வதால் வருவதும் உண்டு. கண்ணால் பார்த்து முடிவு செய்ய நமக்குப் படிப்பு இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். அன்றே அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, பொறியாளரை அழைக்கும்படி எழுத்தில் கொடுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறையின் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த மறுநாள் எங்கள் கழிப்பறைச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். இன்றும் அந்தச் சுற்றை விடவில்லை.

கழிவுநீர்த் தொட்டிக்கு வருகிறேன். இறங்காதீர்கள். யார் சொன்னாலும் இறங்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருந்தால் இரண்டு மூச்சில் நினைவு போய்விடும், காப்பாற்ற இறங்குபவரும் கூடவே போவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைத் தொட்டியைச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. கழிவுநீர் லாரியை அழைக்கச் சொல்லுங்கள். முன்பிருந்தவர் செய்தார் என்பது உங்களுக்குக் கட்டளை ஆகாது.

ஈரோடு வயர்மேன்:

அண்ணன் சொன்னதில் மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது. தம்பி, தறி மோட்டார் அனுபவம் நல்லதுதான். ஆனால் பள்ளியின் மெயின் போர்டைத் திறக்க உரிமம் உள்ளவர் வர வேண்டும். பல்பு மாற்றுவதானாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த சுவிட்சின் அருகே ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுக் கருவியில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். இணைப்பு உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அன்றே என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். சித்திரை வெயிலில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காய்ந்துபோகும், அதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளைகள் ஈரக்கையோடு தொடும் குடிநீர்க் குளிரூட்டியின் எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று விடுமுறையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

சீலிங் ஃபேனில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். மேலே கொக்கியில் மாட்டும் இடத்தில் கோப்பை மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைக் கீழே இறக்கினால் ஒரு போல்ட்டும் நட்டும் தெரியும். நட்டு கழன்றுவிடாமல் ஒரு சின்னப் பிளவு ஊசி குத்தியிருக்கும். சர்வீஸ் செய்துவிட்டு மாட்டும்போது பல பேர் அந்த ஊசியைப் போடுவதில்லை. அதன் விலை சில்லறைக் காசு. விடுமுறையிலேயே எல்லா வகுப்பறையிலும் பார்த்துவிடுங்கள்.

மாலையில் நேரம் கிடைத்தால் படியுங்கள். ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஓராண்டு, எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. கையில் சான்றிதழ் இருந்தால் சம்பளப் பேச்சே மாறும்.

பொங்கலூர் டீச்சர்:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள். அது உடைந்தால் யாரும் வந்து உங்களிடம் சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். எங்கள் பள்ளியில் இதை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் சொல்லி, நான் பணியாளரிடம் சொல்லித்தான் தெரிந்தது. மாலையில் பிள்ளைகள் போன பிறகு, தூய்மைப் பணி செய்யும் அக்காவோடு சேர்ந்து போய் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் போட்டுப் பாருங்கள். உள்ளே தண்ணீர் வருகிறதா, மூடியோடு குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

மாடிப்படியின் அடியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கும் பழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகும் வழியை அடைத்துச் சாமான் வைப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. முதல் வாரமே அகற்றச் சொல்லிக் கேளுங்கள்.

சோமனூர்ப் பாவு:

அண்ணா, டீச்சர், மூவருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மேலாளரிடம் தொட்டி விஷயத்தைச் சேரும் முன்பே பேசலாமா? அதைச் சொன்னால் வேலையே தர மாட்டார்களோ என்று அம்மா பயப்படுகிறார். இன்னொன்று, போன மாதம் பார்த்தபோது முன்வாசல் இழுவைக் கேட் தள்ளாடுவதுபோல் இருந்தது. அதுவும் என் வேலையில் வருமா?

தடப்பள்ளிக்கரை:

சேரும் முன்பே பேசுங்கள், தம்பி. சண்டையாகப் பேச வேண்டாம். "அடைப்பு வந்தால் லாரியை யார் அழைப்பது, அந்த எண் யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்ட விதத்திலேயே நீங்கள் இறங்க மாட்டீர்கள் என்பது புரிந்துவிடும். அப்போதே சம்பளம் எவ்வளவு, பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ கேட்க வெட்கப்பட வேண்டாம். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், ஏணியிலிருந்து விழுந்தால் அதுதான் கை கொடுக்கும். கையுறை, பூட்ஸ், டெட்டனஸ் ஊசி மூன்றையும் பள்ளிச் செலவில் கேட்கலாம். பார்த்தீனியக் களையை வெறுங்கையால் பிடுங்கி அரிப்போடு திரியும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பூ வைப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேட் கட்டாயம் உங்கள் வேலைதான், சேர்ந்த அன்றே பார்க்க வேண்டியதும் அதுதான். முழுதாக இழுத்துத் திறந்து பாருங்கள். தண்டவாளத்தின் முனையில் கேட்டைத் தடுக்கும் இரும்புக் கட்டை இருக்க வேண்டும். மேலே கேட்டைச் சாயவிடாமல் பிடிக்கும் இரண்டு உருளைகளும் தூணோடு இறுகியிருக்க வேண்டும். தடுப்பு இல்லாமல் கடைசி வரை இழுத்தால் கேட் உருளையை விட்டு வெளியே போய் அப்படியே சாயும். அதன் எடையை ஒரு பிள்ளையால் தாங்க முடியாது, பெரியவராலும் முடியாது. பிள்ளைகள் அதில் தொற்றிக்கொண்டு விளையாடவும் செய்வார்கள். தடுப்பு இல்லையென்றால் வெல்டிங் வைக்கும் வரை கேட்டைச் சங்கிலியால் தூணில் கட்டி, பக்கத்துச் சிறு வாசலை மட்டும் திறந்துவிடும்படி சொல்லுங்கள். தண்டவாளத்தில் சேரும் மண்ணைத் தினமும் தள்ளிவிட வேண்டியது உங்கள் பொறுப்பு. பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.