ரிக்லி ஃபீல்டில் ஆட்டம் பார்க்கும் நாளில் பர்கரும் பீரும்: எங்கே, எத்தனை மணிக்கு

சிகாகோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் சிலர் சேர்ந்து எழுதியது இது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் இடம்.

லேக்வியூவிலிருந்து

சிகாகோவுக்குக் கப்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மைதானத்துக்குப் பக்கத்தில் நல்ல பர்கர் எங்கே?" என்பதுதான். பக்கத்தில் தேடுவதால்தான் சாப்பாடு கெட்டுப்போகிறது. ரிக்லி ஃபீல்ட் குடியிருப்புப் பகுதியின் நடுவில் இருக்கிறது. 1914-இல் கட்டியது, சுற்றிலும் வீடுகள், பெரிய வண்டி நிறுத்துமிடம் கிடையாது. 40,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானத்துக்கான கூட்டம் முழுவதும் கிளார்க், ஆடிசன், ஷெஃபீல்ட், வேவ்லேண்ட் என்ற நான்கு தெருக்களில் வந்து இறங்குகிறது. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அங்கிருக்கும் எந்த மதுக்கடையிலும் சமையலறை திணறிக்கொண்டிருக்கும். கறியை முன்கூட்டியே சுட்டு அடுக்கிவைத்து, ஆர்டர் வந்ததும் சூடுபடுத்தித் தருவார்கள். ஓரம் காய்ந்து, நடு வெதுவெதுப்பாக வரும் பர்கருக்கு அதுதான் காரணம். சமையல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே பர்கரைத் தள்ளி ஓரிடத்தில் முடித்துவிட்டு, பீரை மட்டும் மைதானத்தின் அருகே வைத்துக்கொள்ளுங்கள். பீர் குழாயைத் திறந்தால் வந்துவிடும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அதன் தரம் மாறாது.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். வார நாள் பகல் ஆட்டம் பெரும்பாலும் 1:20-க்கு. 12:45-க்கு வாசலில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு பீர் என்றால் 12:10-க்கு அந்தப் பகுதிக்கு வந்துவிட வேண்டும். அப்படியென்றால் 11 மணிக்கு உங்கள் முன்னால் பர்கர் இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு ஆட்டம் என்றால் வசதி அதிகம். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

ரிவர் நார்த்திலிருந்து

பகல் ஆட்டத்துக்கு நகர மையத்தில் தங்கியிருப்பவர்களுக்கு பில்லி கோட் டேவர்ன்தான் சரியான இடம். மிச்சிகன் அவென்யூ 430 என்று வரைபடம் காட்டும். அங்கே போய் நின்றால் கடை தெரியாது, ஏனென்றால் அந்தத் தெருவுக்கு இரண்டு தளங்கள் உண்டு. கடை கீழ்த்தளத்தில். ரிக்லி கட்டிடத்தைத் தாண்டி வடக்கே கொஞ்சம் நடந்து, கீழே போகும் படியில் இறங்க வேண்டும். கீழ்த்தளத்தில் செல்பேசி வரைபடம் குழம்பும், அதை நம்பி அங்கே அலைய வேண்டாம்.

கறி வில்லை மெல்லியது. தோசைக்கல்லைப் போன்ற பெரிய தட்டைக் கல்லில் சில நிமிடங்களில் வெந்துவிடும். கைசர் ரோல் என்ற கெட்டியான ரொட்டியில் வைத்துத் தருவார்கள். ஒற்றை வில்லை வாங்கினால் ரொட்டிதான் வாயில் நிற்கும், கறி தெரியாது. இரட்டைதான் சரியான விகிதம். வெங்காயம், பிக்கிள் (வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டு), கடுகு விழுது எல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பிக்கிளைத் தாராளமாகப் போடுங்கள், அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சீஸ் திகட்டும். ஃப்ரைஸ் கேட்காதீர்கள், சிப்ஸ்தான். இதை நகரத்தின் மிகச் சிறந்த பர்கர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாக வரும், சூடாக வரும், ஆட்ட நாளுக்கு அதுவே முக்கியம்.

கப்ஸ் ரசிகர்கள் இங்கே வருவதற்கு வேறு காரணமும் உண்டு. கடையைத் தொடங்கிய வில்லியம் சியானிஸ் 1945-இல் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின்போது தன் வெள்ளாட்டை ரிக்லி மைதானத்துக்குக் கூட்டிப்போனார், வெளியே அனுப்பிவிட்டார்கள். கப்ஸ் வெல்லாமல் போனதற்கு அவர் இட்ட சாபமே காரணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. 1908-க்குப் பிறகு கப்ஸ் உலகத் தொடரை வென்றது 2016-இல்தான். கடை இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1964-இல்.

சாப்பிட்டு முடித்து மேற்கே நடந்தால் ஸ்டேட் தெருவில் கிராண்ட் நிலையம். ரெட் லைனில் ஹோவர்ட் பக்கம் போகும் ரயில். ஆறாவது நிறுத்தம் ஆடிசன்.

அவொண்டேலிலிருந்து

ஆடிசனில் இறங்க வேண்டாம், ஒரு நிறுத்தம் முன்னால் பெல்மாண்டில் இறங்குங்கள். சிகாகோவில் தெரு எண் 800 கூடினால் ஒரு மைல். பெல்மாண்ட் 3200, ஆடிசன் 3600. அதாவது அரை மைல்தான். ஷெஃபீல்ட் தெருவைப் பிடித்து நேரே வடக்கே நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மைதானத்தின் வலது பக்கச் சுவர் வந்துவிடும். ஆடிசன் நடைமேடை குறுகலானது. ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் படியிறங்குவதே நெரிசல்.

இனி தடித்த பர்கர் பற்றி. குமாஸ் கார்னர், பெல்மாண்ட் தெரு 2900 மேற்கு. ஹெவி மெட்டல் இசைக்குழுக்களின் பெயர்தான் பர்கர்களுக்கு. கறி 10 அவுன்ஸ், கிட்டத்தட்ட 280 கிராம், பிரெட்ஸல் பன்னில் வரும். இதைப் பகல் ஆட்டத்துக்குத் திட்டமிடாதீர்கள், இரவு ஆட்டத்துக்கு மட்டும். இந்தத் தடிமனில் உள்ள கறி மீடியம் (நடுவில் இளஞ்சிவப்பு நிற்கும்) பக்குவத்துக்கு வேகவே கால் மணி நேரம் ஆகும். அடுப்பிலிருந்து எடுத்ததும் சில நிமிடம் ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் கடியில் சாறு முழுவதும் தட்டில் வடியும். கூட்டம் இருந்தால் ஆர்டர் கொடுத்து அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல் டன் (முழுக்க வெந்தது) கேட்டால் இன்னும் கூடும், கறியும் உலர்ந்துபோகும்.

அரைத்த மாட்டிறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ். மீடியத்தைவிடக் குறைவாக வேகும் மீடியம் ரேர் அதற்குக் குறைவு. முழுத்துண்டு ஸ்டேக்கில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சுட்டால் போய்விடும். அரைத்த கறியில் அது உள்ளே கலந்துவிடும். சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கு நன்றாக வெந்ததே கேளுங்கள். மெல்லிய வில்லையில் இந்தக் கவலை இல்லை, அது எப்படியும் முழுக்க வெந்துதான் வரும். அங்கே பக்குவம் கேட்பதிலும் பொருளில்லை.

7:05 ஆட்டத்துக்கு 4:15-க்கு உட்கார்ந்து 5:30-க்கு எழுந்துவிடுங்கள். 77-ஆம் எண் பெல்மாண்ட் பேருந்து கிழக்கே போகிறது. மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஷெஃபீல்டில் இறங்கி நடை.

மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் எண்ணம் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஆவி அடைந்து பத்து நிமிடத்தில் பன் நனைந்துவிடும், ஃப்ரைஸ் துவண்டுவிடும். வேறு வழியே இல்லையென்றால் மூடியைத் திறந்து வைத்து எடுத்துப்போங்கள்.

ரேவன்ஸ்வுட்டிலிருந்து

மேலே எழுதியவர்கள் பர்கரைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பீரில்தான் பலருக்குக் கணக்குத் தவறுகிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓர் அளவு மது என்றால் 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி, 5% ஆல்கஹால் உள்ள பீர். மதுக்கடையில் பைன்ட் என்று தருவது 16 அவுன்ஸ், 473 மில்லி. ரெவல்யூஷன் என்ற உள்ளூர் பீர் நிறுவனத்தின் ஆன்டி-ஹீரோ, ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த வகை, 6.7%. அதில் ஒரு பைன்ட் குடித்தால் கிட்டத்தட்ட 1.8 அளவு. கூஸ் ஐலண்டின் 312 கோதுமை பீர் 4.2%, 12 அவுன்ஸ் குப்பி ஓர் அளவைவிடக் குறைவு. கையில் இருப்பது இரண்டுமே "ஒரு பீர்"தான், ஆனால் ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு. பகல் 12 மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு ஐபிஏ குடித்து, ஜூலை வெயிலில் நிழலில்லாத திறந்தவெளி இருக்கையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஆட்டம் பாதியில், ஐந்தாவது இன்னிங்ஸில், தலைவலிதான் மிஞ்சும். ஆட்டத்துக்கு முன் 5% சுற்றியிருப்பதை எடுங்கள். ஹாஃப் ஏக்கரின் டெய்சி கட்டர் பேல் ஏல் 5.2%, பர்கரின் கொழுப்பை வெட்டும் அளவுக்குக் கசப்பு, அதற்கு மேல் இல்லை. சீஸ் பர்கருக்கு இதைவிடப் பொருத்தமான பீர் இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பீருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள்.

ஓல்ட் ஸ்டைல் பற்றிப் புதியவர்கள் கேட்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் ஊர்க்காரப் பீர் அது. பல தலைமுறைகளாக ரிக்லியின் பீராக இருந்தது. ஊர் முழுக்க மதுக்கடை வாசல்களில் அதன் விளக்குப் பலகை தொங்குவதைப் பார்க்கலாம். இலேசான லாகர், விலையும் குறைவு. ஆட்ட நாளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பீரை நிதானமாகச் சுவைக்க நினைப்பவர்கள் இரவு ஆட்ட நாளில் டவ்டேல் என்ற பீர் தயாரிப்பகத்துக்குப் போங்கள். பெல் பிளேன் தெரு 1800 மேற்கு. ஜெர்மானிய முறை லாகர்களும், புகையூட்டிய மால்ட்டில் (முளைகட்டிய தானியம்) செய்யும் ரௌக்பியரும் இருக்கும். பக்கத்துத் தெருவில் பெகைல் என்ற இன்னொரு தயாரிப்பகம். டவ்டேலில் சமையலறை இல்லை, வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம். பிரௌன் லைனின் இர்விங் பார்க் நிலையம் நடக்கும் தூரம். அங்கிருந்து 80-ஆம் எண் பேருந்தில் கிழக்கே கிளார்க் வரை போய், தெற்கே அரை மைல் நடந்தால் மைதானம்.

நேப்பர்வில்லிலிருந்து

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்காக இது. வெஜ் பர்கர், இம்பாசிபிள் (தாவரத்திலிருந்து செய்யும் கறி போன்ற வில்லை), வான்கோழி, கோழி என்று பட்டியலில் எதையாவது பார்க்கலாம். குமாஸில் கறிக்குப் பதிலாகக் கோழியோ வெஜ் வில்லையோ வைத்துக் கேட்கலாம். ஆனால் பெரும்பாலான சமையலறைகளில் எல்லாமே ஒரே கல்லில்தான் வேகும். அதே கல்லில் பேக்கன் என்ற பன்றி இறைச்சியும் இருக்கும். உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே தனிப் பாத்திரத்தில் சுட முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் சேரும் முன் கேட்டால் செய்துதருவார்கள், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் கேட்டால் முடியாது என்பார்கள். இதுவும் சீக்கிரம் போவதற்கு ஒரு காரணம்.

ஃப்ரைஸ் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சில பழைய கடைகளில் மாட்டுக் கொழுப்புதான். சுவை அதனால் என்று பெருமையாகவே சொல்வார்கள். 95-ஆம் தெருவில் இருக்கும், 1942-இல் தொடங்கிய டாப் நாட்ச் என்ற பர்கர் கடை அப்படி. ஃப்ரைஸ் மட்டும்தானே என்று சைவர்கள் எடுத்துவிடக் கூடாது.

வெஸ்ட் லூப்பிலிருந்து

பேஸ்பால் இல்லை, யுனைடெட் சென்டரில் புல்ஸ் அணியின் கூடைப்பந்து ஆட்டம் என்றால் கதை வேறு. ராண்டால்ஃப் தெரு 800 மேற்கில் ஓ ஷெவால் என்ற பர்கர் கடை இருக்கிறது. முன்பதிவு கிடையாது. போய்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு வர வேண்டும். வார இறுதி மாலையில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு சாதாரணம். 7 மணி ஆட்டத்துக்கு 3:30-க்கே பெயர் கொடுங்கள். அங்கே "சிங்கிள்" என்றாலே இரண்டு வில்லை, "டபுள்" என்றால் மூன்று. இது தெரியாமல் டபுள் கேட்டு, மேலே முட்டையும் பேக்கனும் வைத்துக்கொண்டு, பாதியில் திணறுபவர்களைத் தினமும் அங்கே பார்க்கலாம். ஒருவருக்கு சிங்கிள் போதும். காத்திருக்க மனமில்லையென்றால் அதே ஆட்களின் ஸ்மால் ஷெவால் கிளைகள் இருக்கின்றன.

சாப்பிட்டு மார்கன் நிலையத்தில் கிரீன் லைன் மேற்கே, இரண்டாவது நிறுத்தம் டேமன். 2024-இல் திறந்த நிலையம். அங்கிருந்து மைதானம் கால் மைல்தான். பழைய வழிகாட்டிகளில் இது இருக்காது.

பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து

ஊரின் இன்னொரு பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வரி: இங்கே வண்டி நிறுத்தும் இடம் பெரியது, அடுப்பு மூட்டி நீங்களே சுடலாம், ரிக்லியில் அது நடக்காது. 80/20 கறி (80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு) வாங்குங்கள், 90/10 சக்கையாகிவிடும். வில்லையின் நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் அழுத்திவிட்டால் நடு வீங்காது. உப்பைச் சுடும் நேரத்தில் மட்டும் தூவுங்கள்; முன்பே பிசைந்தால் கறி இறுகிவிடும்.

லேக்வியூவிலிருந்து, மறுபடி

கேட்டவர்களுக்காக மூன்று விஷயங்கள். 21 வயதுச் சான்று இல்லாமல் ஆட்ட நாளில் ரிக்லி பக்கம் எந்த மதுக்கடையிலும் நுழைய முடியாது, தலை நரைத்தவர்களையும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப்போனால் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். செல்பேசியில் உள்ள படமும் ஆதாரும் செல்லாது.

பட்டியல் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உணவக வரி 11% பக்கம், நகர மையத்தில் இன்னும் ஒரு சதவீதம் கூடுதல். அதற்கு மேல் 20% டிப்ஸ். விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிளீச்சர்ஸ் (மைதானத்தின் பின்பக்கத்தில் உள்ள திறந்தவெளி பெஞ்சுகள்) டிக்கெட் என்றால் இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கே நல்ல இடம். மேலே சொன்ன எல்லா நேரத்தையும் 45 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். அவர்களுக்கு பீர் குடிக்க ஏற்ற இடம் வேவ்லேண்டும் ஷெஃபீல்டும் சேரும் மூலைக்கு எதிரே உள்ள மர்ஃபீஸ் பிளீச்சர்ஸ் என்ற மதுக்கடை. தெருவைக் கடந்தால் வாசல். டிக்கெட்டைப் பெல்மாண்டில் இறங்கும்போதே செல்பேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாசல் அருகே கூட்டத்தில் இணையம் நகராது.