அப்டேட்: ரோஹாஸை இறக்கச் சொன்னேனே!

2025 பேஸ்பால் உலகத் தொடர் (அமெரிக்க லீக்கின் இறுதிப் போட்டி) ஐந்தாவது ஆட்டத்தில் நம்ம டாட்ஜர்ஸ் அணி தோற்றதும், "பாஹேஸை உட்காரவைத்து மிகேல் ரோஹாஸை இறக்குங்கள்" என்று எழுதியிருந்தேன். 36 வயசுக்காரர் என்னத்தை அடிப்பார் என்று கிண்டலடித்தீர்கள். ஆறாவது ஆட்டத்தில் அணி மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அதையே செய்தார். ஏழாவதில், ஒன்பதாம் இன்னிங்ஸ், ஒரு அவுட், ஒரு ரன் பின்தங்கல். எதிரணி பிட்சர் (பந்துவீச்சாளர்) ஹாஃப்மனின் ஸ்லைடரை (பக்கவாட்டில் வளையும் பந்து) ரோஹாஸ் இடதுபக்க வேலிக்கு வெளியே அனுப்பினார். ஹோம் ரன், 4-4! (மாற்று ஆளாக வந்த பாஹேஸும் சும்மா இல்லை, சக வீரர் கிகே எர்னாண்டஸ் மேலேயே மோதி கேட்ச் பிடித்தாரே.) வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸில் 5-4, கோப்பை நமக்கு.

இனி பிட்சிங். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிய நம்ம பிட்சர் யமமோட்டோ மறுநாள் ஏழாவதிலும் 34 வீசினார். அசுர உழைப்புதான், ஆனால் 12 வருட ஒப்பந்தக்காரரை இப்படிப் பிழிந்தால் தாங்குமா? மூத்த பிட்சர் கெர்ஷாவும் ஓய்வு பெற்றாச்சு. இளம் பிட்சர் சசாகியைக் கடைசி இன்னிங்ஸுக்கு ஒதுக்காமல், 2026-ல் முதல் பந்திலிருந்தே வீச விடணும்.