குரோம்பேட்டை திரையிடல்: ஜேம்ஸ் டீன் படத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டியது சரியா?

ராதாநகர்_அம்மா:
போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்போர் சங்க ஹாலில் ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ (‘காரணமில்லாத கலகக்காரன்’ என்று பொருள்) படம் போட்டார்கள். நிக்கோலஸ் ரே இயக்கியது, 1955இல் வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படிக்கிற பிள்ளைகள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெற்றோர் என்று பார்த்தால் எட்டுப் பேர் கூட இல்லை.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம் ஸ்டார்க் (ஜேம்ஸ் டீன்) என்ற பையன் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு புதுப் பள்ளியில் சேருகிறான். முதல் நாளே கத்திச் சண்டை. அன்று இரவே திருட்டுக் கார்களில் பந்தயம். இரண்டு பேர் மலை விளிம்பை நோக்கி வண்டியை விரட்ட வேண்டும், முதலில் குதிப்பவன் கோழை. ஜிம்மோடு போட்டியிடும் பஸ் என்ற பையனின் ஜாக்கெட் கை கதவில் மாட்டிக்கொள்ள, அவன் காரோடு போய்விடுகிறான்.

அந்தக் கார்கள் கிளம்பியபோது பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. என் அக்கா பையன் இரண்டு வருடம் முன்பு கடற்கரைச் சாலையில் நடுராத்திரி பைக் ரேஸில் விழுந்தவன். ஆறு மாதம் படுக்கை, இன்றும் காலைத் தாங்கித்தான் நடக்கிறான். பிரிட்டனில் இந்தப் படம் வந்தபோது சில காட்சிகளை வெட்டி, எக்ஸ் சான்றிதழ் கொடுத்தார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. இங்கே 14 வயதுப் பிள்ளைக்கு எந்த யோசனையில் காட்டினீர்கள்?

கதிர்_திரை:
மேடம், ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். உங்கள் அக்கா பையன் விஷயம் கேட்டுக் கஷ்டமாக இருக்கிறது. விசில் அடித்ததும் உண்மைதான். ஆனால் பஸ்ஸின் ஜாக்கெட் மாட்டியபோது ஹால் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பந்தயத்துக்கு முன் அந்த விளிம்பில் இருவரும் நிற்கும் இடத்தைத்தான் நான் காட்ட ஆசைப்பட்டேன். பஸ், “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு” என்கிறான். “அப்புறம் ஏன் இதைச் செய்கிறோம்?” என்று ஜிம் கேட்கிறான். “ஏதாவது செய்தாகணுமே” என்பதுதான் அவன் கொடுக்கிற பதில். இரவில் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வண்டியை முறுக்குகிற பையனைக் கேட்டால், அவனும் இதையேதான் சொல்வான். அவனிடம் ‘ஓட்டாதே’ என்று எத்தனையோ போஸ்டர் சொல்லிவிட்டது. அவன் மனதில் இருப்பதைச் சொன்ன படம் எத்தனை?

கேசினோ_வரிசை:
தம்பி, நான் வேறு ஒன்று சொல்கிறேன். எனக்கு 60 தாண்டிவிட்டது. மவுண்ட் ரோடு கேசினோவில் வரிசையில் நின்று ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவன், அதனால் இங்கிலீஷ் படம் என்றாலே வேண்டாம் என்கிற ஆள் இல்லை.

என் அப்பா 1955இல் எஸ்.எஸ்.எல்.சி. படித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்து வருடம். அமெரிக்காவில் அந்தப் பத்து வருடத்தில் புறநகரில் வீடு, வீட்டுக்கு ஒரு கார், பையன் கையில் அந்தக் கார் சாவி என்று வந்துவிட்டது. ‘டீனேஜர்’ என்று தனியாக ஒரு கூட்டத்தையே உண்டாக்கி, அவர்களுக்கென்று உடை, இசைத்தட்டு எல்லாம் விற்றார்கள். இங்கே? ராஜாஜி அரிசி ரேஷனை எடுத்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. என் அப்பாவுக்குக் கிடைத்த வேகமான வண்டி பக்கத்து வீட்டு சைக்கிள். பத்து வருடம் கழித்து நம் மாணவர்கள் தெருவில் இறங்கினார்களே, 1965இல், அப்போது அவர்கள் கையில் ஒரு காரணம் இருந்தது. மொழி. அந்தக் கதையை எந்த ஹாலில் இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்? காரணம் இல்லாதவன் கதையைத் தேடிப் பிடித்துக் காட்டுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

செகண்ட்_இயர்_இசிஇ:
ஐயா, 1965 கதையையும் காட்டுங்கள், நான் முதல் வரிசையில் உட்காருவேன். ஆனால் ஜிம்முக்குக் காரணம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

மானப் பிரச்சினை என்று வரும்போது என்ன செய்வது என்று அவன் அப்பாவிடம் கேட்கிறான். அவர் பேப்பரை எடுத்து சாதக பாதகம் எழுதலாம் என்கிறார். பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரியும் என்கிறார். அவன் எனக்கு இப்போதே பதில் வேண்டும் என்று கத்துகிறான். போன செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர் விழுந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் அப்பா நல்லவர், அடிக்கவில்லை, திட்டவில்லை. “பத்து வருஷம் கழிச்சு இது ஞாபகம்கூட இருக்காதுப்பா” என்று சொல்லிவிட்டு டிவி போட்டார். அந்த ஹாலில் அதே வசனம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கார் இருந்தால்தான் இந்த வலி வருமா ஐயா?

சமையல்கட்டு_அப்பா:
அந்த அப்பாவைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். எனக்குப் படத்தில் கோபம் வந்த இடமே அதுதான்.

அவர் கோட்டு சூட்டுக்கு மேல் சுருக்கு வைத்த ஏப்ரன் கட்டிக்கொண்டு, மனைவிக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார். தட்டு விழுந்து கொட்டுகிறது. மண்டியிட்டுப் பொறுக்குகிறார். மகன் பார்த்து அவமானத்தில் துடிக்கிறான். ஆக, படம் சொல்வது என்ன? அப்பா சமையல்கட்டுக்குள் போனால் மகன் கெட்டுப்போவான், அம்மா குரல் உயர்ந்தால் வீடு உருப்படாது. என் மனைவிக்கு நைட் ஷிப்ட் வேலை. ஏழு வருடமாக எங்கள் வீட்டில் சமையல் நான்தான். என் பையன் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வரும் வழியில், “உங்களுக்கு வெக்கமா இருக்குமாப்பா?” என்று கேட்டான். ஏழு வருடத்தில் கேட்காத கேள்வி. பழைய படம், கிளாசிக் என்று சொல்லி இதைத் தாண்டிப் போகக் கூடாது. படம் முடிந்ததும் பத்து நிமிடம் பேச ஒருவர் நின்றிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லியிருப்பேன்.

கதிர்_திரை:
அண்ணா, நீங்கள் சொல்வது சரி. அவர் பதில் சொல்லாததைக் காட்ட ஏப்ரன் எதற்கு? அந்தக் காட்சியில் படம் தவறுதான் செய்கிறது. பிறகு பேச நேரம் வைத்திருந்தோம், ஆனால் ஹாலை ஒன்பதுக்குப் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரை மணி முன்னதாக ஆரம்பித்திருக்க வேண்டும், அது எங்கள் தவறு.

பெரம்பூர்_மாலதி:
யாருமே பிளேட்டோவைப் பற்றிப் பேசவில்லையே. சால் மினியோ நடித்த அந்தச் சின்னப் பையன், ஜிம்மையும் அவன் தோழி ஜூடியையும் அப்பா அம்மாவாக நினைத்துக்கொள்கிறவன். கடைசியில் கோளரங்க வாசலில் போலீஸ் சுடுகிறது. அவன் துப்பாக்கியில் குண்டே இல்லை, ஜிம் முன்பே எடுத்துவிட்டான். குண்டுகள் என் கையில் இருக்கின்றன என்று ஜிம் கதறும்போது நேரம் கடந்துவிட்டது.

அவனை வளர்த்தது வீட்டு வேலைக்கு வந்த கறுப்பினப் பெண்மணி. பெற்றவர்கள் படம் முழுக்க வரவே இல்லை. அவள்தான் அந்தப் பிணத்தருகே நின்று அழுகிறாள். ஜிம்மின் அப்பா அம்மா சமாதானமாகிக் கிளம்புகிறார்கள், அவளிடம் ஒரு வார்த்தை பேசுவார் இல்லை. என் அம்மா இருபது வருடம் வீட்டு வேலை செய்தவர். அவர் தூக்கி வளர்த்த ஒரு பையனின் கல்யாணத்தில் சமையற்கூடத்தில்தான் இருந்தார். எனக்கு இந்தப் படம் அந்த ஒரு முகம்தான்.

ஆபரேட்டர்_பல்லாவரம்:
திரையிட்ட விதம் பற்றி ஒன்று. இது சினிமாஸ்கோப் படம், அகலம் உயரத்தைப் போல 2.55 மடங்கு. (நம் தமிழில் சினிமாஸ்கோப் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான் வந்தது.) அன்று யாரோ புரொஜெக்டரில் ஜூம் போட்டுத் திரையை நிரப்பிவிட்டார்கள். அதனால் படத்தில் பத்துக்கு மூன்று பங்கு இரண்டு ஓரத்திலும் போய்விட்டது. மாடிப்படிச் சண்டையில் அம்மா மேலே, அப்பா கீழே, ஜிம் நடுவில். கேமராவையே சாய்த்து எடுத்திருப்பார் ரே. அந்த மூன்று பேரும் ஒரே சட்டத்தில் இருந்தால்தான் அவன் எப்படி இழுபடுகிறான் என்று தெரியும். நாம் பார்த்ததில் ஆள் பாதி பாதியாக நின்றார்கள். அந்தச் சிவப்பு ஜாக்கெட்டும் வெளிறித் தெரிந்தது. முதலில் கறுப்பு வெள்ளையில் ஆரம்பித்து, சில நாளில் கலருக்கு மாற்றி எடுத்த படம். அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் பாதிப் படம் இல்லை. நல்லது கெட்டது பேசுவதற்கு முன்னால் படத்தை முழுதாகக் காட்டுங்கள்.

ராதாநகர்_அம்மா:
எல்லாம் படித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டது தவறு என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குப் போடுங்கள். ஆனால் பெற்றோர் ஒருவராவது கூட வராமல் உள்ளே விடாதீர்கள். அந்த இசிஇ தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என் பெரியவனிடம் பேசப் போனேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. படத்தில் அந்தக் கோளரங்கக் காட்சியில் பூமி அழிவதைக் காட்டும்போது உனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டேன். கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு ஆறாவதில் பள்ளியில் கூட்டிப்போனபோதே இருட்டில் பயந்ததாகவும், வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னான். ஆறு வருடம் ஆகிறது.

கதிர்_திரை:
பெற்றோரோடு மட்டும் அனுமதி, 16 வயதுக்கு மேல், மாலை ஐந்தரைக்கு. அப்படியே வைத்துக்கொள்ளலாம் மேடம். ஆபரேட்டர் அண்ணா, திரைக்கு மேலும் கீழும் கட்ட கறுப்புத் துணி எத்தனை மீட்டர் வேண்டும்?

ஆபரேட்டர்_பல்லாவரம்:
திரை பன்னிரண்டு அடி அகலம். எட்டு மீட்டர் வாங்குங்கள், போதும். நான் வந்து கட்டித் தருகிறேன்.