புதுப்பிப்பு: தூரம் பாயும் தண்ணீர்த் துப்பாக்கி
தூரத்தில் நிற்பவரை நனைக்க எந்தத் துப்பாக்கி நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன், கடைசியில் பிவிசி குழாயில் நானே செய்துவிட்டேன். பெரிய வித்தியாசம் முனையில்தான்: துளை விளிம்பின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, முனைக்குப் பின்னால் குழாய்க்குள் ஸ்ட்ராக்களை நெருக்கமாக அடுக்கியதும் நீர் சுழலாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராகப் போகிறது, சிதறுவதும் தாமதமாகிறது. துளையை ரொம்பச் சின்னதாக்காதீர்கள், மெல்லிய தாரையைக் காற்று சீக்கிரம் உடைத்துவிடும். அப்புறம் நீரைத் திறந்து மூடும் பால் வால்வை (ball valve, உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் குழாய்த் திறப்பு) முழுசாகத் திறக்க வேண்டும். நீரைத் தள்ளும் காற்றைக் குழாய்க்குள் அளவோடு அடைத்து வையுங்கள், அதிகமானால் பிவிசி வெடித்துச் சிதறும்.

அடுத்து ரப்பர் பை வைத்தது செய்கிறேன். 1996-இல் வந்த ‘சூப்பர் சோக்கர் சிபிஎஸ் 2000’ என்ற பொம்மைத் தண்ணீர்த் துப்பாக்கியில் இருந்ததும் அதுதான். பை சுருங்கியே நீரைத் தள்ளுவதால் கடைசி வரை அழுத்தம் அவ்வளவாகக் குறையாது.